ஆங்கிலக் கூட்டுவினை

ஆங்கிலக் கூட்டுவினை என்பது, ஆங்கில மொழியில் ஒரு வினைச்சொல்லும் அதனைத் தொடர்ந்து வரும் வினையடையோ முன்னிடைச்சொல்லோ, அல்லது இவ்விரண்டுமோ சேர்ந்து, ஒரே வினையாக நின்று பொருள் தரும் தொடர் ஆகும். ஆங்கிலத்தில் இது ஃபிரேசல் வெர்ப் என அழைக்கப்படுகிறது. கிவ் அப், லுக் ஆஃப்டர், புட் அப் வித் என்பன இதற்கு எடுத்துக்காட்டுகள். கிவ் என்பதற்குக் கொடு என்றும், அப் என்பதற்கு மேலே என்றும் பொருள். ஆனால் கிவ் அப் என்பதன் பொருள் கைவிடு என்பதாகும். இவ்வாறு உறுப்புகளின் பொருளைக் கொண்டு முழுத் தொடரின் பொருளை நேரடியாக அறிய இயலாமையே, ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்போருக்கு இவை கடினமாக இருப்பதற்கு முதன்மையான காரணம் ஆகும்.

பெயரும் ஆய்வும்

சாமுவேல் ஜான்சன் 1755 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது ஆங்கில அகராதியின் முன்னுரையில், இத்தகைய சேர்க்கைகள் அயல்நாட்டவருக்குப் பெரும் இடர்ப்பாட்டைத் தருவதைக் குறிப்பிட்டுள்ளார். ஃபிரேசல் வெர்ப் என்னும் பெயர், லோகன் பியர்சால் சிமித் 1925 இல் வெளியிட்ட வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ் என்னும் நூலின் வழியாகப் பரவியது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி இப்பெயரைத் தமக்குப் பரிந்துரைத்ததாக சிமித் கூறுகிறார். 1971 இல் டுவைட் போலிஞ்சர் இவ்வினைகளைப் பற்றித் தனி நூல் ஒன்றை எழுதினார். பின்னர், கற்போருக்கெனக் கூட்டுவினைகளுக்கு மட்டுமான அகராதிகளும் வெளிவந்தன. 1989 இல் வெளியான காலின்ஸ் கோபில்டு அகராதி இவற்றுள் ஒன்று.

வகைகள்

கூட்டுவினைகளை மூன்று வகைகளாகப் பிரிப்பது வழக்கம். இலக்கண நூலார் சிலர் முதல் வகையை மட்டுமே ஃபிரேசல் வெர்ப் என்பர். கற்பித்தல் நூல்கள் மூன்றையும் அப்பெயராலேயே குறிப்பிடுகின்றன.

1. வினையும் வினையடையும்: டர்ன் ஆஃப் என்பது அணை அல்லது நிறுத்து எனப் பொருள்படும். இவ்வகையில் செயப்படுபொருள் இரண்டு இடங்களில் வரலாம். விளக்கை அணைத்தாள் என்பதை ஷி டர்ன்ட் ஆஃப் த லைட் என்றும், ஷி டர்ன்ட் த லைட் ஆஃப் என்றும் கூறலாம். ஆனால் செயப்படுபொருள் இட், ஹிம், தெம் போன்ற பதிலிப்பெயராக இருந்தால் அது நடுவில்தான் வரவேண்டும். ஷி டர்ன்ட் இட் ஆஃப் என்பதே சரி. ஷி டர்ன்ட் ஆஃப் இட் என்பது பிழை.

2. வினையும் முன்னிடைச்சொல்லும்: லுக் ஆஃப்டர் என்பது பேணு எனப் பொருள்படும். இவ்வகையில் செயப்படுபொருள் எப்பொழுதும் முன்னிடைச்சொல்லுக்குப் பின்னரே வரும். ஷி லுக்ட் ஆஃப்டர் ஹிம் என்பது சரி; ஷி லுக்ட் ஹிம் ஆஃப்டர் என்பது பிழை.

3. வினை, வினையடை, முன்னிடைச்சொல் ஆகிய மூன்றும்: புட் அப் வித் என்பது பொறுத்துக்கொள் என்றும், லுக் ஃபார்வர்ட் டு என்பது ஆவலுடன் எதிர்நோக்கு என்றும் பொருள்படும். பின்னதில் உள்ள டு ஒரு முன்னிடைச்சொல் ஆகும். எனவே அதனை அடுத்து மீட்டிங் போன்ற இங் ஈற்று வடிவமே வரவேண்டும். கடிதங்களில் லுக் ஃபார்வர்ட் டு மீட் என எழுதுவது கற்போரிடம் பரவலாகக் காணப்படும் பிழையாகும்.

வினையை அடுத்து இத்தகைய சொல் வரும் இடங்கள் எல்லாம் கூட்டுவினை ஆகிவிடுவதில்லை. ஹி ரேன் அப் எ ஹில் என்றால் அவன் குன்றின்மேல் ஓடினான் என்று பொருள். ஹி ரேன் அப் எ பில் என்றால் அவன் பாக்கித் தொகையைப் பெருகவிட்டான் என்று பொருள். இரண்டும் தோற்றத்தில் ஒத்திருப்பினும், பின்னது மட்டுமே கூட்டுவினை. அதில் பில் என்பதை ரேன், அப் ஆகியவற்றின் நடுவே வைக்கலாம். முன்னதில் ஹில் என்பதை அவ்வாறு வைக்க இயலாது.

பொருள் வேறுபாடு

ஒரே கூட்டுவினை பல பொருள்களைத் தரக்கூடும். கோ ஆஃப் என்பது விளக்கைப் பற்றிக் கூறும்போது அணைந்துபோதலையும், வெடிகுண்டைப் பற்றிக் கூறும்போது வெடித்தலையும், பிரித்தானிய வழக்கில் பாலைப் பற்றிக் கூறும்போது கெட்டுப்போதலையும் குறிக்கும். எச்சரிக்கை மணியைப் பற்றிக் கூறும்போது அது ஒலிக்கத் தொடங்கியது என்று பொருள். ஆஃப் என்பதை நிறுத்தம் என்று மட்டுமே அறிந்த ஒருவர், தீ எச்சரிக்கை மணி ஓய்ந்துவிட்டது என நேர்மாறாகப் புரிந்துகொள்ளக்கூடும்.

எனினும் இப்பொருள்கள் முற்றிலும் ஒழுங்கற்றவை அல்ல. வினையை அடுத்து வரும் சொற்கள் சில அடிப்படைக் கருத்துகளைத் திரும்பத் திரும்ப உணர்த்துகின்றன. ஈட் அப், யூஸ் அப் ஆகியவற்றில் அப் என்பது முழுமையாக முடித்தலைக் காட்டுகிறது. கேரி ஆன், ரீட் ஆன் ஆகியவற்றில் ஆன் என்பது தொடர்தலைக் காட்டுகிறது. டை அவுட், வேர் அவுட் ஆகியவற்றில் அவுட் என்பது இல்லாமற் போதலைக் காட்டுகிறது. டேக் ஆஃப், செட் ஆஃப் ஆகியவற்றில் ஆஃப் என்பது ஓரிடத்திலிருந்து விடுபட்டுக் கிளம்புதலைக் காட்டுகிறது. மணி ஒலிக்கத் தொடங்குதலையும் இதனோடு பொருத்திப் பார்க்கலாம். தனித்தனியே மனனம் செய்வதைவிட, இவ்வாறு தொகுத்துக் கற்பது பயனுடையது.

வரலாறு

பழைய ஆங்கிலத்தில் வினையின் முன் ஒட்டு சேர்ந்து வருவது மிகுதியாக இருந்தது. நடு ஆங்கிலக் காலத்தில் அவ்வொட்டுகள் பல வழக்கொழிந்தன. வினையின் பின் தனிச்சொல் வரும் முறை பெருகியது. இன உறவுடைய ஜெர்மன் மொழியில் இரு நிலைகளையும் இன்றும் காணலாம். கைவிடு எனப் பொருள்படும் அவுஃப்கேபன் என்னும் ஜெர்மன் வினையில் அவுஃப் என்பது முன்னொட்டாக நிற்கிறது. முதன்மை வாக்கியத்தில் பிரிந்து வாக்கிய இறுதிக்குச் செல்கிறது.

1066 ஆம் ஆண்டின் நார்மானிய வெற்றிக்குப் பின்னர் பிரெஞ்சு, இலத்தீன் சொற்கள் ஆங்கிலத்தில் பெருமளவில் கலந்தன. இதனால் ஒரே கருத்துக்கு இரு சொற்கள் அமைந்த இடங்கள் பல. புட் அப் வித் என்பதற்கு டாலரேட் என்பதும், புட் ஆஃப் என்பதற்குப் போஸ்ட்போன் என்பதும், லுக் இன்டு என்பதற்கு இன்வெஸ்டிகேட் என்பதும் இணையானவை.

வழக்கு

கூட்டுவினைகள் உரையாடலிலும் புனைகதையிலும் மிகுதியாகவும், ஆய்வுக் கட்டுரைகளில் குறைவாகவும் வருகின்றன. ஆகவே பாடநூல் வழியாக மட்டும் ஆங்கிலம் கற்றவர், கடினமான இலத்தீன் வழிச் சொற்களை அறிந்திருந்தும், எளிய சொற்களால் ஆன பேச்சைப் புரிந்துகொள்ளத் தடுமாறலாம். ஏறத்தாழ 10 கோடி சொற்களைக் கொண்ட பிரித்தானிய தேசியச் சொற்றொகுதியை ஆராய்ந்து 2007 இல் வெளியான ஆய்வு ஒன்று, அதில் உள்ள வினையடைக் கூட்டுவினைகளில் பாதிக்கும் மேற்பட்டவை கோ, கம், டேக், கெட் உள்ளிட்ட 20 வினைகளால் அமைந்தவை எனக் கண்டறிந்தது.

கூட்டுவினைகளிலிருந்து பெயர்ச்சொற்களும் உருவாகின்றன. தமிழ்ப் பேச்சில் வழங்கும் மேக்கப், செக்கப், பிரேக்டவுன், லாக்டவுன் ஆகியன இவ்வகையின. இவற்றில் அழுத்தம் பொதுவாக முதற்சொல்லின் மீது விழும்.

இந்திய ஆங்கிலத்தில்

இந்திய ஆங்கிலத்தில் சில சேர்க்கைகள் வேறுபட்டு வழங்குகின்றன. படிப்பை முடித்து வெளியேறுதலை இந்தியாவில் பாஸ் அவுட் என்பர். பிரித்தானியாவில் இது படைப்பயிற்சி முடித்தலையும் குறிக்கும். ஆனால் பிரித்தானிய, அமெரிக்க வழக்குகளில் பொதுவாக மயங்கி விழுதல் என்பதே இதன் பொருள். எனவே அயல்நாட்டுக்கு அனுப்பும் விண்ணப்பங்களில் கிராஜுவேட் என எழுதுவது ஐயத்தைத் தவிர்க்கும். கோப் அப் வித், டிஸ்கஸ் அபவுட் ஆகியனவும் இந்தியாவில் பரவலாக உள்ளன. பொது ஆங்கிலத்தில் கோப் வித் என்பதும், முன்னிடைச்சொல் சேராத டிஸ்கஸ் என்பதுமே ஏற்கப்பட்ட வடிவங்கள்.

தமிழுடன் ஒப்பீடு

தமிழில் முன்னிடைச்சொற்கள் இல்லை. ஆயினும் ஒத்த பணியைச் செய்யும் அமைப்புகள் உள்ளன. கைவிடு என்னும் சொல்லின் பொருளைக் கை, விடு ஆகியவற்றைத் தனித்தனியே நோக்கி அறிய முடியாது. சாப்பிட்டுவிடு என்பதில் விடு என்னும் துணைவினை, ஈட் அப் என்பதில் அப் உணர்த்துவதைப் போலவே செயலின் முடிவை உணர்த்துகிறது. ஆனால் ஆங்கிலத்தில் போலச் செயப்படுபொருளை நடுவே வைத்து இவற்றைப் பிரிக்க இயலாது.