மணமுள்ள அமெரிக்க அசேலியாக்கள்: தோட்ட வரலாறு

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளிலும் ஓடைக்கரைகளிலும் தாமாக வளரும் இலையுதிர் புதர்ச்செடிகள் இவை. ரோடோடென்ட்ரான் பேரினத்தைச் சேர்ந்தவை. நீலகிரி, பழனி மலைச் சோலைகளின் ஓரத்தில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசும் அதே பேரினம்தான். கிழக்கத்திய இனங்கள் பதினைந்து என்பாரும் உண்டு, பதினேழு என்பாரும் உண்டு. எல்லாமே மணப்பவை அல்ல. பிரினோஃபில்லம் என்ற இனத்தில் கிராம்பு வாசம் வீசும். அலபாமென்ஸின் வெண்பூவில் மஞ்சள் திட்டும் எலுமிச்சையை நினைவூட்டும் மணமும் உண்டு. ஆர்போரெசென்ஸின் வெள்ளை இதழ்களுக்கு வெளியே சிவந்த மகரந்தத்தாள்கள் நீண்டு நிற்கும். சதுப்பு அசேலியா எனப்படும் விஸ்கோசம், பெரும்பாலான இனங்கள் பூத்து ஓய்ந்தபின் கோடையில் பூக்கிறது. அதன் பூக்குழலைத் தொட்டால் சுரப்பி மயிர்கள் விரலில் பிசுபிசுக்கும். மேற்கே, கலிபோர்னியாவிலும் ஓரிகனிலும் வளரும் ஆக்சிடென்டேலும் நல்ல மணமுள்ளது.

ஐரோப்பியத் தோட்டத்தை முதலில் எட்டியது விஸ்கோசம் என்பர். லண்டன் ஆயர் ஹென்றி காம்ப்டன் 1678இல் வர்ஜீனியாவுக்கு அனுப்பிய ஜான் பானிஸ்டர், குருப்பணியோடு செடிகளையும் சேகரித்து அவருக்கு அனுப்பினார். லியனார்ட் பிளக்நெட் 1691இல் இச்செடியின் படத்தை வெளியிட்டார். மறு ஆண்டு, செடி தேடிச் சென்ற பயணத்தில் தவறுதலாகச் சுடப்பட்டு பானிஸ்டர் இறந்தார். காம்ப்டன் 1713இல் மறைந்தபின் அவருடைய ஃபுல்ஹாம் அரண்மனைத் தோட்டம் சிதைந்தது. 1730களில் பிலடெல்பியாவின் ஜான் பார்ட்ரம், லண்டன் வணிகர் பீட்டர் காலின்சனுக்குச் செடிகளும் விதைகளும் அனுப்பத் தொடங்கிய பிறகே அமெரிக்க அசேலியாக்கள் அங்கே நிலைத்தன. லின்னேயஸ் 1753இல் மகரந்தத்தாள் ஐந்து என்பதைக் கொண்டு அசேலியாவைத் தனிப் பேரினமாக்கினார். 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் டான் அதை ரோடோடென்ட்ரானோடு இணைத்தார். அந்நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் மோர்டியர் என்ற ரொட்டிக் கடைக்காரர் அமெரிக்க இனங்களைக் கருங்கடல் பகுதியின் மணமுள்ள மஞ்சள் அசேலியாவோடு கலந்தார். கென்ட் கலப்பினங்கள் அங்கிருந்தே பெருகின.

ஐரோப்பா இப்படிக் கொண்டாடிய செடிகள் சொந்த நாட்டு வீட்டுத் தோட்டங்களில் அருகியே இருந்ததற்கு, மக்கள் மணத்தைவிட நிறத்தை விரும்பினர் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். சான்றுகள் அதை முழுதாக ஆதரிக்கவில்லை. தீக்கொழுந்து அசேலியா எனப்படும் கலெண்டுலேசியத்தைப் பாருங்கள். மணம் இல்லை என்றே சொல்லலாம். நிறத்தில் அதை வெல்வது அரிது. மலைச்சரிவே பற்றி எரிவதுபோல் தோன்றும் என்று ஜானின் மகன் வில்லியம் பார்ட்ரம் 1791இல் வெளியான தம் பயண நூலில் வியந்தார். நிறம்தான் காரணமென்றால் இச்செடி வீட்டுக்கு வீடு பரவியிருக்க வேண்டும். மணமுள்ள இனங்களைப் போலவே இதுவும் பரவவில்லை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான தடை, குச்சியிலிருந்து புதுச்செடி எடுப்பதன் கடினம். 1840களில் தென் கரோலினாவின் மக்னோலியா தோட்டத்தில் நடப்பட்ட ஆசியப் பசுமைமாறா அசேலியாக்களின் குச்சிகள் எளிதில் வேர்விடும். இலையுதிர் அசேலியாவின் குச்சி வேர்விட்டாலும், புதுத் தளிர் விடாமல் உறக்கத்துக்குப் போய்விட்டால் அடுத்த வசந்தத்தில் விழிக்காமலே மடிந்துவிடும். மிக இளந்தளிரை எடுத்து, விளக்கொளியால் பகலை நீட்டி, குளிர்காலத்துக்குமுன் ஒரு தழைப்பை வரவழைப்பதே பிற்காலத்தில் கண்ட வழி. நர்சரிக்காரர் விற்கக்கூடியதையே வீட்டுக்காரர் நட முடியும்.

நாட்டு இனங்கள் தோட்டத்தில் பிழைக்காதவை என்ற மறுப்பும் உண்டு. ஆசியச் செடிகள் கேட்பவற்றையேதான் இவையும் கேட்கின்றன: கார அமில நிலை 4.5 முதல் 6 வரையுள்ள மண், வேர்க்கட்டின் மேற்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே போகாத நடவு, பைன் சருகு மூடாக்கு, சல்லடை நிழல், வறண்ட கோடையில் தண்ணீர். சுண்ணாம்பு மண் இரண்டுக்குமே ஆகாது. குளிரைத் தாங்குவதில் பிரினோஃபில்லமும் விஸ்கோசமும் பெரும்பாலான பசுமைமாறா வகைகளை விஞ்சுகின்றன. சற்று ஈரம் தேங்கும் இடத்தையும் விஸ்கோசம் பொறுக்கும். விதையால் வளர்க்கலாமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. தூள் போன்ற விதையைப் பாசியின்மேல் மூடாமல் தூவினால் முளைக்கும்தான். ஆனால் பூக்க மூன்று நான்கு ஆண்டுகளாவது ஆகும். இனங்கள் தமக்குள் தாராளமாகக் கலப்பதால் நாற்று தாய்ச்செடியை ஒத்திருக்கும் என்ற உறுதியும் கிடையாது. கத்தரிக்கும் காலத்தைத் தவறவிட்டும் பலர் பூவை இழக்கின்றனர். அடுத்த ஆண்டின் மொட்டு கோடையிலேயே உருவாவதால், பூ உதிர்ந்தவுடன் கத்தரித்துவிட வேண்டும்.

தாவரவியலாளர்கள் வில்சனும் ரேடரும் 1921இல் வெளியிட்ட அசேலியா நூலுக்குப்பின் இனங்களைத் தெளிவுபடுத்தப் பெரிதும் முயன்றவர் ஹென்றி ஸ்கின்னர். 1951இல் ஃப்ளோரிடாவின் வசந்தத்தில் தொடங்கி, பூக்கும் பருவத்தைப் பின்தொடர்ந்து வடக்கேயும் மலைமேலும் சுமார் 40,000 கிலோமீட்டர் பயணம் செய்தார். இயற்கைக் கலப்பு எவ்வளவு பரவலானது என்பதை அவருடைய சேகரிப்பு காட்டியது. டென்னசி–வட கரோலினா எல்லையில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள கிரெகரி பால்டு புல்வெளி இதற்குச் சிறந்த சான்று. அங்கே ஜூன் பிற்பகுதியில் வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எனப் பக்கத்துப் பக்கத்துச் செடிகள் வேறுவேறாகப் பூக்கின்றன.

பின்னர் அலபாமாவில் யூஜின் அரோமி, ஆங்கிலேயக் கலப்பினங்களை மணமுள்ள நாட்டு இனமான ஆஸ்டிரினத்தோடு சேர்த்து வெப்பம் தாங்கும் வகைகளை உருவாக்கினார். திசு வளர்ப்பும் வந்தது. 1999இல் ஈஸ்ட்மனியும் 2008இல் கோல்மனியும் புதிய இனங்களாக விவரிக்கப்பட்டன. பின்னது, ஜார்ஜியாவின் ஃபோர்ட் கெயின்ஸில் நாட்டு அசேலியாக்களை வளர்த்து விற்ற நர்சரிக்காரர் எஸ். டி. கோல்மனின் பெயரைத் தாங்குகிறது.