எவ்வாறு அறிந்தாய்? – தமிழில் அளவையியல்

நெல்லை மரக்காலால் அளக்கிறோம். துணியை முழத்தால் அளக்கிறோம். அறிவை எதனால் அளப்பது? வடமொழியில் ‘பிரமாணம்’ என்னும் சொல் அளத்தற்பொருள் தரும் வேரினின்று பிறந்தது. அதனைத் தமிழில் வழங்கிய சான்றோர் நெல்லுக்கும் நிலத்துக்கும் உரிய ‘அளவை’ என்னும் சொல்லையே கைக்கொண்டனர். ஒன்றை அறிந்தேன் என்பவனிடம் ‘எந்த அளவையால் அறிந்தாய்?’ எனக் கேட்பதே இத்துறையின் தொடக்கம்.

தமிழில் இத்துறையை விரிவாகப் பேசும் பழைய நூல் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. 30 காதைகள் கொண்ட அக்காப்பியத்தின் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்தில் மாதவர் கோலத்தில் உருமறைந்து நிற்கும் மணிமேகலை சமயவாதிகளை ஒருவர்பின் ஒருவராக அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுபவன் அளவைவாதி. வேதவியாதன், கிருதகோடி, சைமினி ஆகிய ஆசிரியர் முறையே 10, 8, 6 எனக் கொண்ட அளவைகளை அவன் எடுத்துரைக்கிறான். காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டென உணர்தலும், வெள்ளம் கண்டு மேற்புறத்தே மழை பெய்தமை துணிதலும் கருதல் அளவை. ‘ஆமா பசுவைப் போன்றது’ என அறிதல் உவம அளவை. செய்யுளுக்கு அணியென நாம் கருதும் உவமை, அறிவுக்கு வாயிலாகவும் எண்ணப்பட்டமை கவிஞர் நெஞ்சிற் கொள்ளத்தக்கது.

அளவைகளைச் சொன்னவன் அவற்றின் போலிகளையும் சொல்கிறான். அவை எட்டு. இப்பியை வெள்ளி எனக் கொள்வது திரியக்கோடல். தறியோ மகனோ எனத் தடுமாறுவது ஐயம். ஆராயாமல் தறியை மகன் எனவே முடிவு செய்வது தேராது தெளிதல். எட்டாவது போலி நினைப்பு. காரணம் ஏதுமின்றி, ‘இவர் உன் தாய், இவர் உன் தந்தை’ எனப் பிறர் சொல்ல ஏற்றுக்கொள்வது இதற்கு எடுத்துக்காட்டு.

இந்த எடுத்துக்காட்டு அக்காதையின் இறுதியில் மீண்டும் வருகிறது. கடைசியாகப் பேசும் பூதவாதி காட்சி ஒன்றையே அளவையாகக் கொள்பவன். முற்பிறப்பை அறிதல் பற்றிய பேச்சு எழும்போது, அது தெய்வமயக்கோ கனவோ தந்த மருட்சி என்கிறான். மணிபல்லவத்தில் புத்தபீடிகையைக் கண்டு பிறப்புணர்ந்தவளுக்கு அச்சொல் தன் வாழ்வின் அடித்தளத்தையே மறுக்கும் சொல். அவள் சினவாமல் வினவுகிறாள்: உன் தாய் தந்தையரைக் கருதல் அளவையால் அன்றி வேறு எவ்வாறு அறிவாய்?

தன் பிறப்பைத் தானே கண்டவர் எவரும் இலர். கண்ணால் காண்பதே அறிவு என்பவனுக்குப் பெற்றோரும் இலராகிவிடுவர். அளவைவாதி போலி என விலக்கியது காரணமற்ற நம்பிக்கையை; மணிமேகலை ஏற்பது காரணத்தோடு கூடிய துணிவை. இரண்டிலும் பொருள் ஒன்றே. அதனை அடைந்த வழியே அறிவையும் அறிவுப்போலியையும் பிரிக்கிறது. மாதவியின் மகளாய்ப் பிறந்து, கண்ணகியையும் தாயெனப் போற்றியவள் வாயில் இவ்வினாவைச் சாத்தனார் வைத்திருப்பது பொருத்தமே.

பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு உரைக்கும் பௌத்த முறையில் காட்சி, கருதல் என்னும் இரண்டே அளவைகள். அதனை விரிக்கும் 29ஆம் காதை, புகை கண்டு மலையில் நெருப்புண்டெனத் துணிந்து, அதற்கு அடுக்களையைச் சான்றாக்குகிறது. இப்பகுதி திக்நாகர் மரபைச் சார்ந்த நியாயப்பிரவேசத்தோடு ஒத்திருப்பதை அறிஞர் சுட்டியுள்ளனர். இக்காப்பியத்தின் காலத்தை 2ஆம் நூற்றாண்டு என்பாரும் 6ஆம் நூற்றாண்டு என்பாரும் இடும் வழக்கில் இவ்வொற்றுமையும் ஒரு சான்று.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தை அளவை இலக்கணத்தோடு தொடங்கினார். பத்து அளவைகளையும் எண்ணி, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்றார். பௌத்தர் தனி அளவையாகக் கொள்ளாத ‘உரை’ இங்கே தனி இடம் பெறுகிறது. காண்டலும் கருதலும் எட்டாத பொருளை உணர்த்துவது அது. சைவர்க்கு அது இறைவன் அருளிய நூல். பிறர் சொல்லை எப்போது அறிவாகக் கொள்ளலாம் என்பதே இவ்விரு மரபினரிடையே நின்ற வழக்கு.

மணிமேகலையைப் பதிப்பிக்க முனைந்தபோது உ.வே.சாமிநாதையர் இவ்வழக்கினை நேரில் எதிர்கொண்டார் எனலாம். பௌத்த சமயச் சொற்கள் அவருக்குப் புதியன. கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய மளூர் ரங்காசாரியரை அணுகி அச்சமயக் கருத்துகளைக் கேட்டறிந்தார். ஏடுகளைக் கண்டு, பாடங்களை ஒப்பிட்டுத் துணிந்து, அறிந்தவர் உரையைக் கேட்டு, 1898இல் தம் அரும்பத உரையோடு நூலை வெளியிட்டார். காண்டல், கருதல், உரை மூன்றும் அப்பதிப்பில் தொழிற்பட்டன.

தேராது தெளிதலும் பிறர் சொன்னதாலேயே நம்புதலும் எக்காலத்தும் எளியவை. புலவர் அவைகளும் அவற்றுக்கு விலக்கல்ல. வஞ்சியில் ஓர் இளம்பெண் எழுப்பிய வினா அவ்வவைகளிலும் கேட்கப்பட வேண்டியது.