காமிக்ஸ்: சிரிப்பை விட்டு இதழைப் பற்றிக்கொண்ட சொல்

‘ஒரு காமிக்ஸ் வாங்கினேன்’ என்கிறோம். ஒன்றுக்கு மேல் இருந்தால் ‘காமிக்ஸ்கள்’. ஆங்கிலத்தில் பன்மையாக இருந்த வடிவம் தமிழுக்கு வந்ததும் ஒருமையாகிவிட்டது. பொருளும் அப்படியே இடம் மாறியிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘காமிக்’ என்றால் நகைச்சுவை சார்ந்தது. தமிழ் வாசகருக்கோ காமிக்ஸ் என்றதும் நினைவில் வருபவர்கள் இரும்புக்கை மாயாவியும் டெக்ஸ் வில்லரும். சிரிப்புக்கு உரிய சொல் சாகசத்துக்கும் திகிலுக்கும் எப்படிப் பெயரானது? பழைய இதழ்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. அதற்கான விடை இதழின் அகலத்திலும் பக்கக் கணக்கிலும் மடிப்பிலும்தான் இருக்கிறது.

வேர் கிரேக்கத்தில் உள்ளது. டயோனிசஸ் தெய்வத்தின் விழாக்களில் ஆடிப்பாடிச் செல்லும் கூட்டத்துக்குக் ‘கோமோஸ்’ என்று பெயர். அதிலிருந்து ‘கோமிகோஸ்’, லத்தீனில் ‘கோமிகுஸ்’, ஆங்கிலத்தில் ‘காமிக்’. நாடகத்தையும் நடிகரையும் குறித்துவந்த இந்தச் சொல்லை அச்சுத்தாளின் பெயராக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரிட்டன். 1884இல் ‘அலி ஸ்லோப்பர்ஸ் ஹாஃப் ஹாலிடே’ என்ற வார இதழ் தொடங்கியது. 1890இல் ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த் ‘காமிக் கட்ஸ்’ என்ற இதழை அரைப் பென்னி விலையில் விற்றார். இவை உண்மையிலேயே சிரிப்பு இதழ்கள்தான். ‘காமிக் பேப்பர்’ என்று சொல்லிவந்த வாசகர்கள் நாளடைவில் ‘காமிக்’ என்று சுருக்கினார்கள். அடைமொழி பெயர்ச்சொல்லானது அப்படித்தான்.

அமெரிக்காவில் இதே சொல் ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களோடு வளர்ந்தது. 1895இல் நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ரிச்சர்ட் அவுட்கால்ட் வரைந்த மஞ்சள் சட்டைச் சிறுவன் ‘யெல்லோ கிட்’ நகரம் முழுக்கப் புகழ்பெற்றான். அவனுடைய படங்களைத் தொகுத்து 1897இல் வந்த நூலின் பின்னட்டையில் ‘காமிக் புக்’ என்ற தொடர் அச்சாகியிருக்கிறது. ஆனால் அது நாம் இன்று அந்தப் பெயரால் அழைக்கும் பொருள் இல்லை. படங்கள் நிறைந்த ஒரு சாதாரணப் புத்தகம். பெயர் முன்னே வந்துவிட்டது. பொருள் வர 1933 ஆனது.

அந்தப் பொருள் பிறந்த இடம் ஓர் அச்சகம். கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரில் இருந்த ஈஸ்டர்ன் கலர் பிரிண்டிங் நிறுவனம் நாளிதழ்களுக்கு ஞாயிறு வண்ண இணைப்புகளை அச்சிட்டுவந்தது. அந்த இயந்திரங்களுக்குக் கூடுதல் வேலை தேடியபோதுதான் அங்கே பணியாற்றிய ஹாரி வில்டன்பர்க், மேக்ஸ் கெய்ன்ஸ் போன்றவர்களுக்கு ஒரு வழி தென்பட்டது. நாளிதழின் பெரிய தாளை ஒருமுறை மடித்தால் டாப்ளாய்ட். அதை மீண்டும் ஒருமுறை மடித்தால் கையடக்கமான ஒரு சிறு இதழ். நாளிதழில் ஏற்கெனவே வந்த படத்தொடர்களைச் சிறிதாக்கி இந்த அளவுக்குள் கொண்டுவந்து, நடுவில் பின் அடித்தார்கள். ‘ஃபன்னீஸ் ஆன் பரேட்’ என்ற 32 பக்க இதழ் அப்படி உருவானது. புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் அதைத் தன் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. 1934இல் ‘ஃபேமஸ் ஃபன்னீஸ்’ 10 சென்ட் விலையில் பத்திரிகைக் கடைகளில் தொங்கியது.

காமிக்ஸ் இதழின் உயரம் ஏறத்தாழ 10 அங்குலமாக அமைந்தது, இருந்த தாளையும் இருந்த இயந்திரத்தையும் வீணாக்காமல் செய்த மடிப்பினால்தான். கலைஞர் எவரும் வகுத்த அளவு இல்லை அது. அடுத்து வந்த நூற்றுக்கணக்கான ஓவியர்கள் தங்கள் கட்டங்களை அந்த அளவுக்குள்தான் போட்டார்கள்.

சொல்லின் பொருள் கழன்றதும் இந்தக் காலத்தில்தான். 1935இல் மேஜர் மால்கம் வீலர்-நிக்கல்சன், மறுபதிப்பாக இல்லாமல் புதிதாக வரைந்த கதைகளோடு ‘நியூ ஃபன்’ இதழைக் கொண்டுவந்தார். ‘ஃபன்’ இன்னும் பெயரில் இருந்தது. 1937இல் அவர் தொடங்கிவைத்த இன்னோர் இதழின் பெயர் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’. துப்பறியும் கதையில் சிரிப்புக்கு என்ன வேலை என்று எவரும் கேட்கவில்லை. காமிக்ஸ் என்றால் அந்த அளவில், பின் அடித்து, 10 சென்ட்டுக்குக் கிடைக்கும் இதழ் என்று வாசகர் மனதில் அதற்குள் பதிந்துவிட்டது. 1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் வந்ததும் பழைய பொருள் முற்றிலும் பின்னுக்குப் போனது. டிசி என்ற புகழ்பெற்ற நிறுவனப் பெயரே அந்த ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ என்பதன் சுருக்கம்தான்.

இன்னும் அழுத்தமான சான்று ஈசி நிறுவனத்தின் வரலாறு. மேக்ஸ் கெய்ன்ஸ் அதை ‘எஜுகேஷனல் காமிக்ஸ்’ என்று தொடங்கினார். பைபிள் கதைகளைப் படக்கதைகளாக வெளியிட்டார். அவர் மறைந்தபின் மகன் வில்லியம் பெயரை ‘என்டர்டெய்னிங் காமிக்ஸ்’ என்று மாற்றித் திகில் கதைகளை வெளியிட்டார். கல்வியும் காமிக்ஸ், திகிலும் காமிக்ஸ். அதே நிறுவனம் 1952இல் தொடங்கிய ‘மேட்’ உண்மையான நகைச்சுவை இதழ். 1954இல் காமிக்ஸ் இதழ்களுக்கான தணிக்கைக் குழு வந்தது. 1955இல் ‘மேட்’ பெரிய அளவிலான கறுப்பு வெள்ளைப் பத்திரிகையாக மாறியது. அந்த வடிவ மாற்றத்தோடு குழுவின் விதிகளுக்கும் வெளியே போய்விட்டது. சிரிக்கவைத்த இதழ் காமிக்ஸ் கணக்கில் சேரவில்லை, துப்பறியும் இதழ் சேர்ந்தது. பெயர் உள்ளடக்கத்தை விட்டு வடிவத்தைப் பற்றிக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சேகரிப்பவர் வடிவத்தைப் படிக்கக் கற்பது இதனால்தான். அமெரிக்க இதழ்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1940களின் தொடக்கத்தில் ஒரு காமிக்ஸ் ஏறத்தாழ 7¾ அங்குல அகலம், அட்டை நீங்கலாக 64 பக்கம். போர்க்காலத்தில் காகிதத் தட்டுப்பாடு வந்தது. விலையை 10 சென்ட்டிலேயே நிறுத்திப் பக்கங்களைக் குறைத்தார்கள். 1950களில் 32 பக்கமே நின்றது. 1961 இறுதியில் பல நிறுவனங்கள் 12 சென்ட்டுக்கு ஏற்றின. அகலமும் படிப்படியாகக் குறைந்து இன்று 6⅝ அங்குலம். ஆகவே அளவுகோலும் பக்க எண்ணிக்கையும் அட்டை விலையும் சேர்ந்தால் எந்தப் பத்தாண்டு என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். தணிக்கை முத்திரை இன்னொரு அடையாளம். ஆனால் டெல் நிறுவனம் அந்தக் குழுவில் சேரவே இல்லை. முத்திரை இல்லை என்பதால் மட்டும் ஓர் இதழை 1954க்கு முந்தியது என்று முடிவுகட்டக் கூடாது.

அட்டையைவிட நம்பகமானது உள்ளே இருக்கும் பொடி எழுத்து. முதல் பக்கத்தின் அடியிலோ அட்டையின் உள்பக்கத்திலோ நாலைந்து வரி நெருக்கமாக அச்சாகியிருக்கும்: இதழின் சட்டப்படியான பெயர், எண், மாதம், பதிப்பாளர் முகவரி. அஞ்சல் துறையின் சலுகைக் கட்டணத்துக்காகப் போட வேண்டியிருந்த வரிகள் இவை. அந்தக் கட்டணமே வேறொரு குழப்பத்தையும் உண்டாக்கியது. புதிய இதழ் தொடங்கினால் புதிதாகப் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். பழைய இதழின் பெயரை மாற்றிக்கொண்டால் அது மிச்சம். ஈசியின் ‘வியர்ட் ஃபேன்டசி’ 1950இல் 13ஆம் எண்ணோடு தொடங்கியது அதனால்தான். 1ஆம் எண் இதழைத் தேடி அலைபவருக்கு அந்தப் பெயரில் ஒன்றும் கிடைக்காது. அட்டையில் உள்ள மாதமும் விற்பனைக்கு வந்த மாதம் இல்லை. ஜூன் என்று போட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ ஏப்ரலிலேயே கடைக்கு வந்துவிட்டது.

மற்ற மொழிகள் இதே பொருளுக்கு வேறு வேறு பக்கத்திலிருந்து பெயர் வைத்தன. இத்தாலியர் ‘ஃபுமெத்தோ’ என்கிறார்கள்: பாத்திரத்தின் வாயிலிருந்து பேச்சை ஏந்தி எழும் சிறு புகை. ஸ்பெயினில் 1917இல் பார்சிலோனாவில் தொடங்கிய ‘டிபிஓ’ என்ற இதழின் பெயரே ‘தெபேயோ’ என்று பொதுச்சொல்லானது. பிரெஞ்சுக்காரர் ‘வரைந்த பட்டை’ என்று பொருள்படும் ‘பாந்த் தெசினே’ என்கிறார்கள். டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் வெளிவந்தது அந்தப் பட்டை வடிவத்தில்தான். ஒரு பக்கத்தில் ஒரே வரிசைப் படங்கள் கொண்ட நீளவாக்குச் சிற்றிதழ். பின்னர் அந்தப் பட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கித்தான் 16 செ.மீ. அகலமும் 21 செ.மீ. உயரமும் உள்ள தடித்த புத்தகம் உருவானது. டெக்ஸ் பக்கங்கள் பெரும்பாலும் மூன்று வரிசையாக இருப்பதன் காரணம் அங்கே இருக்கிறது.

தமிழில் இந்தச் சொல் வருமுன்பே இதற்குப் பெயர்கள் இருந்தன: படக்கதை, சித்திரக்கதை. வார இதழ்களும் சிறுவர் இதழ்களும் இந்தப் பெயர்களில்தான் தொடர்களை வெளியிட்டன. வாண்டுமாமா எழுதியவற்றைச் சித்திரக்கதைகள் என்றே சொல்வோம். தினத்தந்தியில் தலைமுறைகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் கன்னித்தீவைக் காமிக்ஸ் என்று எவரும் சொல்வதில்லை. கட்டம் கட்டமாகப் படம், வசனம், ‘தொடரும்’ எல்லாம் அதிலும் உண்டு. ஆனால் அது நாளிதழின் ஒரு மூலை, தனி இதழ் இல்லை. தமிழிலும் இந்தச் சொல் தனியே வாங்கித் தனியே அடுக்கிவைக்கக்கூடிய இதழைத்தான் பற்றிக்கொண்டது.

அதை ஊன்றிய பெருமை சிவகாசிக்கு. நாள்காட்டியும் தீப்பெட்டி லேபிளும் அச்சிட்டுத் தேர்ந்த அந்த ஊரிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962 முதல் தொடராக வந்த ‘ஸ்டீல் க்ளா’ தமிழில் ஒரே இதழில் முழுநீளக் கதையாகக் கிடைத்தது. வாரம் ஒரு துண்டு படித்த பிரிட்டிஷ் சிறுவனுக்குக் காமிக் என்பது பல கதைகளின் கதம்பம். தமிழ் வாசகருக்கோ ஒரு காமிக்ஸ் என்றால் தொடக்கமும் முடிவும் கொண்ட ஒரு கதை. அந்தப் பன்மை தமிழில் ஒருமையானது இயல்பாகவே பொருந்திவிட்டது. 1984 ஜூலையில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தொடங்கின. அவற்றோடு வடிவத்துக்குத் தமிழ்ச் சேகரிப்பாளர்களின் சொற்களும் பெருகின: பாக்கெட் சைஸ், ஸ்பெஷல், கோடை மலர்.

ஒரே பெயர் இரு பொருளுக்கு வந்ததும் உண்டு. முத்து காமிக்ஸில் மாயாவி என்றால் மின்சாரம் பாய்ந்ததும் உருவம் மறையும் இரும்புக்கைக்காரர். ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் முகமூடி வீரர், அதாவது மற்ற இதழ்களில் வேதாளன் என்று வந்த ஃபேன்டம். ‘பழைய மாயாவி கதை வேண்டும்’ என்று கடையில் கேட்பவர் இதழின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருப்பது இதனால்.

பழைய தமிழ் இதழ்களைச் சேர்ப்பவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது, இதழ்களைச் சேர்த்து பைண்டிங் செய்யக் கொடுக்காதீர்கள். ஓரத்தை ஒழுங்காக வெட்டும்போது இதழின் உண்மையான அளவு போய்விடும். சில இடங்களில் கட்டத்தின் விளிம்பும் வசனத்தின் கடைசி எழுத்தும்கூடப் போகும். அட்டைகளை நீக்கிவிட்டால் விலையும் எண்ணும் போகும். நியூஸ்பிரிண்ட் தாள் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் பழுத்து நொறுங்கும். துருப்பிடித்த பின் நடுத்தாளை அரித்துப் பிரித்துவிடும். அமிலம் இல்லாத அட்டையை முதுகுக்கு வைத்து, உறையிலிட்டு, நிற்கவைத்து அடுக்குவதே நல்லது.

இரண்டாவது, பட்டியல் எழுதுங்கள். கதையின் பெயரையும் நாயகரையும் எல்லோரும் குறித்துக்கொள்கிறார்கள். அதோடு அகலமும் உயரமும் செ.மீ. கணக்கில், பக்க எண்ணிக்கை, விலை, தாள், கறுப்பு வெள்ளையா வண்ணமா, பின் அடித்ததா பசை போட்டதா, எந்த விளம்பரங்கள் உள்ளன என்பதையும் எழுதிவையுங்கள். ஆண்டு அச்சாகாத இதழின் காலத்தை இவைதான் காட்டிக்கொடுக்கும். கதைகள் மறுபதிப்பில் புதிய அளவிலும் புதிய தாளிலும் திரும்ப வருகின்றன, அது மகிழ்ச்சிக்குரியது. முதல் பதிப்பு எந்த அளவில், எந்தத் தாளில், எத்தனை காசுக்கு வாசகர் கைக்கு வந்தது என்பதை மறுபதிப்பு சொல்லாது. அது சேகரிப்பவரின் பட்டியலில்தான் நிற்க வேண்டும்.