கலயமும் கிந்தனாரும்

குளச்சல் வட்டாரத்துப் பனையேறி பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது, அதன் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் விடியலில் இறங்குவது அக்கானி எனும் பதநீர். காய்ச்சினால் கருப்பட்டி. தடவாமல் விட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். மரமும் ஒன்று, அரிவாளும் ஒன்று. குடிக்கும் குடியாமைக்கும் நடுவே இருப்பது சுண்ணாம்புப் பூச்சுதான்.

இதே வட்டாரத்தின் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு விடிய விடிய நடக்கும். வீசுகோல் நாணில் விழ, மணிகள் குலுங்க, குடம் அதிரும். புலவர் கதையை நகர்த்த, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போட்டபடியே நடுவில் ஒரு குறுக்குக் கேள்வியை வீசுவார். கூட்டம் சிரிப்பது பெரும்பாலும் அந்தக் கேள்விக்குத்தான்.

குளச்சலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் இந்தக் குறுக்குக் கேள்வியைப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார். நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன், பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் நடிகர். அவர் நடித்த ‘சதி லீலாவதி’ (1936), சென்னைப் பணக்காரன் ஒருவன் குடியால் சீரழிந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடும் கதை. எஸ்.எஸ். வாசனின் நாவலிலிருந்து எடுத்த படம். அதில் நகைச்சுவைப் பகுதியைக் கிருஷ்ணன் தாமே எழுதிக்கொண்டார்.

ராஜாஜி 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. மறு வருடமே, அண்ணா கதை வசனத்தில், கிருஷ்ணன் நாயகனாக நடித்த, மதுவிலக்கை ஆதரிக்கும் ‘நல்லதம்பி’ வந்தது. வேடிக்கை என்னவென்றால், நாயகனின் சொந்த ஊரில் அந்தச் சட்டம் செல்லாது. குளச்சலும் ஒழுகினசேரியும் அப்போது மாகாணத்துக்கு வெளியே, திருவிதாங்கூரில் இருந்தன.

படத்தில் நிலைத்தது பிரசாரம் அல்ல, ‘கிந்தனார்’ காலட்சேபம். நந்தனார் சிதம்பரத்துக்கு ஏங்கினார். கிந்தன் பள்ளிக்கூடத்துக்கு ஏங்குகிறான். பட்டணம் போகும் ரயிலில் எல்லாச் சாதியும் ஒரே பலகையில் இடித்துக்கொண்டு உட்காருகிறது, யாரும் எழுந்து போக முடியவில்லை. குடிகாரனின் தள்ளாட்டத்தைக் காட்டிச் சிரிக்கவைப்பது எந்தக் கோமாளிக்கும் கைவரும். தெளிந்த தலையோடு டிக்கெட் வாங்கிப் போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கவைக்க வில்லடி பழகிய காது வேண்டும். அந்த வில்லிசைக்குச் சென்னையில் வாரிசும் தேடிவைத்தார்: நெல்லைச் சீமையின் சுப்பு ஆறுமுகத்தை அழைத்து வந்தவர் அவரே.

1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பத்து மாதம் கழித்து, 1957 ஆகஸ்ட் 30-இல் கலைவாணர் கிருஷ்ணன் காலமானார். அவர் பாடி ஆதரித்த மதுவிலக்கு 1971-இல் தளர்த்தப்பட்டது.