41 இடங்கள் 39 ஆன கதை

தொகுதி மறுவரையறை பற்றி எந்த மேடையில் பேசினாலும், குடும்பக் கட்டுப்பாடு செய்த நமக்கா தண்டனை என்ற கேள்வி வந்துவிடும். என் அம்மா கிராமச் செவிலியராக இருந்தவர். அதனால் அந்தக் கேள்வி என்னைச் சுடும். ஆனாலும் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

1962 தேர்தலில் சென்னை மாநிலத்துக்கு மக்களவையில் 41 இடங்கள். 1967-ல் 39. இடையில் வந்தது 1961 கணக்கெடுப்பு; மாநிலங்களுக்கு இடங்களைப் பிரிப்பது மக்கள்தொகையை வைத்துத்தான். அந்தப் பத்தாண்டில் நாட்டின் மக்கள்தொகை 21 விழுக்காட்டுக்கு மேல் பெருகியது. இங்கே 12-ஐக்கூட எட்டவில்லை. குடும்பக் கட்டுப்பாடு அப்போது ஊர்களுக்குள் சரியாக நுழைந்திருக்கவே இல்லை. 1951 கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ.கோபாலசுவாமி, இங்கே தலைமைச் செயலாளராக வந்து, ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்குப் பணம் தரும் திட்டத்தை ஊக்குவித்ததே 1950-களின் பிற்பகுதியில்தான். ஆக, அந்த இரண்டு இடங்களை ஆபரேஷன் கணக்கில் எழுத முடியாது.

அம்மாவின் காலம் அதற்குப் பிறகு. தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவார். பேச்சை மாமியாரிடம்தான் தொடங்குவார். மாமியார் தலையசைக்காமல் மருமகள் வாசற்படி தாண்ட மாட்டாள். “ரெண்டு புள்ள போதும்னு நீங்களே சொல்லுங்கத்தை” என்பார். இலக்கு முடியாத மாதம் மேலிடத்துத் திட்டும் உண்டு. கத்தியின் கீழே படுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1990-களின் தொடக்கத்திலேயே தமிழ்நாடு சராசரியாக இரண்டு குழந்தை என்ற நிலைக்கு வந்துவிட்டது.

அந்தப் பெண்களுக்கு ஒரு வாக்குறுதி இருந்தது. 1976 ஏப்ரலில் வெளியான தேசிய மக்கள்தொகைக் கொள்கை, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தும் மாநிலம் நாடாளுமன்றத்தில் பலம் இழக்கக் கூடாதென்று, இடங்களைப் பிரிக்க 2001 வரை 1971 கணக்கையே வைத்துக்கொள்ளலாம் என்றது. 42-வது திருத்தம் அதைச் சட்டமாக்கியது. நெருக்கடி நிலைக்காலச் சட்டம்தானே என்று தள்ளிவிடுகிறவர்கள் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். ஜனதா அரசு 44-வது திருத்தத்தில் 42-வதின் பல பகுதிகளைப் பிடுங்கி எறிந்தது, இதைத் தொடவில்லை. வாஜ்பாய் அரசு 84-வது திருத்தத்தால் அதை, 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. காங்கிரஸ் கொடுத்த வாக்கை ஜனதா விட்டுவைத்தது, பா.ஜ.க. தலைமையிலான அரசு புதுப்பித்தது. இதைத் தமிழ்நாட்டின் பிடிவாதம் என்று எப்படிச் சொல்வது?

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. பீகார், உத்தரப் பிரதேச வாக்காளர் அரை நூற்றாண்டுக்கு முந்தைய தலைக்கணக்கில்தான் இன்னும் எண்ணப்படுகிறார். அவர் கேட்பதும் சம மதிப்புதான். ஆனால் இரண்டு இடம் என்ன பெரிய விஷயம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசே ஒரே ஓட்டில், 269-க்கு 270 என்று, கவிழ்ந்தது.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்தாகிவிட்டது. ஓட்டுக் கேட்டு என் வாசலுக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கப்போவது இதுதான்: 1976-ல் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவீர்களா? மாற்றுவதென்றால், அந்தத் திண்ணைப் பெண்களுக்கு அதற்கு ஈடாக எதைத் தருவீர்கள்?