கலோரி மதிப்பு

ஒரு கிலோ நிலக்கரியோ ஒரு கன மீட்டர் வாயுவோ முழுதாக எரியும்போது கிடைக்கும் வெப்பமே அதன் கலோரி மதிப்பு. அதை இரண்டு விதமாகக் கணக்கெழுதலாம். எரிபொருளிலுள்ள ஹைட்ரஜன் எரிந்து நீராவியாகிறது. அந்த ஆவியைத் தண்ணீராகக் குளிர்வித்தால் வரும் வெப்பத்தையும் சேர்த்தால் மொத்தக் கலோரி மதிப்பு. ஆவி புகைபோக்கியோடு போனது போனதுதான் என்று விட்டுவிட்டால் நிகரக் கலோரி மதிப்பு. மீத்தேனுக்கு முன்னது கிலோவுக்கு 55.5 மெகாஜூல், பின்னது 50. இந்தப் பத்து சதவீதத்தை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் வம்புதான்.

வெப்பத்துக்கு முன்னால் வெளிச்சத்தைத்தான் அளந்தார்கள். நிலக்கரி வாயு லண்டன் தெருவிளக்குகளில் எரிந்த காலத்தில் அதன் தரத்துக்கு அளவுகோல் மெழுகுவர்த்தி. 1860-இல் வந்த சட்டம் அந்த மெழுகுவர்த்தியையும் வரையறுத்தது: ஸ்பெர்ம் திமிங்கல மெழுகால் செய்தது, எடை ஆறில் ஒரு பவுண்டு, மணிக்கு 120 கிரெயின் எரிய வேண்டும். 1885-இல் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர், சுடரின் மேல் மாட்டும் வலையான மேன்டிலுக்குக் காப்புரிமை பெற்றதும் கதை மாறியது. இனி ஒளிர்வது சுடரல்ல, சுடரில் காய்ந்த வலை. அதற்கு வேண்டியது வெப்பம் மட்டுமே. சட்டம் மெதுவாகத்தான் பின்னால் வந்தது. 1920-இல் பிரிட்டன் 'தெர்ம்' என்ற அலகைக் கொண்டுவந்து, வாயுவைக் கன அடியில் விற்பதை விட்டு வெப்பத்தில் விற்கச் சொன்னது. ஒரு தெர்ம் என்பது ஒரு லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகு.

ஐரோப்பாவில் கொதிகலன்களின் திறனை நிகர மதிப்பை வைத்துச் சொல்வது வழக்கமாக இருந்தது. புகையிலுள்ள ஆவியையும் குளிர்வித்து வெப்பத்தை மீட்கும் கொதிகலன்கள் வந்தபோது விளம்பரங்களில் 109 சதவீதம் என்றெல்லாம் அச்சானது. இயற்பியல் ஒன்றும் தோற்றுவிடவில்லை; வகுக்கும் எண் சிறியது, அவ்வளவுதான். 2013-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதிமுறை மொத்த மதிப்புக்கு மாறியதும் நூறைத் தாண்டிய எண்கள் கீழே இறங்கின.

இந்தியாவில் இந்த வேறுபாடு பணமாகவே கண்ணில் பட்டது. 2014 அக்டோபரில் உள்நாட்டு இயற்கை வாயுவின் விலை பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 5.05 டாலர் என்று அறிவிக்கப்பட்டது. பழைய விலை 4.20. உயர்வு 85 சென்ட் என்றுதான் தோன்றும். ஆனால் பழையது நிகர மதிப்பில் சொன்னது, புதியது மொத்த மதிப்பில். ஒரே அடிப்படைக்குக் கொண்டுவந்தால் புதிய விலை 5.61, அதாவது மூன்றில் ஒரு பங்கு உயர்வு.

நிலக்கரியின் வழக்கு இன்னும் நீளம். நெடுங்காலம் அதன் தரத்தை வெப்பத்தை அளந்து சொல்லவில்லை. ஒரு வாய்பாட்டில் கழித்துச் சொன்னார்கள். 8900-லிருந்து, சாம்பல், ஈரம் இரண்டின் சதவீதக் கூட்டுத்தொகையை 138-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். சாம்பல் 30, ஈரம் 8 என்றால் மிச்சம் 3656 கிலோகலோரி, 'ஈ' தரம். 2012 ஜனவரி 1 முதல் மொத்தக் கலோரி மதிப்பை அளந்து, 300 கிலோகலோரிக்கு ஒரு படியாக ஜி1 முதல் ஜி17 வரை பிரித்தார்கள்.

அளவு ஒன்றானாலும் எங்கே அளப்பது என்ற சண்டை ஓயவில்லை. ஒடிசாவின் தால்ச்சேரில் ரயிலேறும் கரி பாரதீப்பில் கப்பலுக்கு மாறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்து இறங்குகிறது. வழியில் மழையும் வெயிலும் படுவதால், சுரங்க வாயிலில் எடுத்த மாதிரியும் மின்நிலையத்தில் எடுத்த மாதிரியும் ஒத்துப்போவதில்லை. மின்கட்டணக் கணக்குக்கு, வந்து சேர்ந்த இடத்து மதிப்பையே கொள்ள வேண்டும் என்று மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2014-இல் விதித்தது. முற்றத்தில் குவிந்து கிடக்கும்போது கரி இழக்கும் வெப்பத்துக்காகக் கிலோவுக்கு 85 கிலோகலோரி கழித்துக்கொள்ளலாம் என்று 2019-இன் விதிமுறை சேர்த்தது.