கடைசித் திகதியின் வரலாறு

கடனைச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுப்பது மனித குலத்தின் மிகப் பழைய ஒழுக்கங்களில் ஒன்று. எமது ஊர்களில் பலசரக்குக் கடைக்காரரின் கொப்பியில் எழுதப்பட்ட கணக்கு சம்பள நாளில் தீர்க்கப்பட்டது. அந்தக் கணக்குக்கு அச்சிட்ட கடைசித் திகதி இருக்கவில்லை. தாமதக் கட்டணம் இருக்கவில்லை. ‘குறைந்தபட்சம் இவ்வளவு கட்டினால் போதும்’ என்ற சலுகையும் இருக்கவில்லை. இன்று கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் கடனட்டை வைத்திருப்போர் மாதந்தோறும் இம்மூன்றையும் சந்திக்கின்றனர். பட்டியலை எப்போது, எவ்வளவு, எந்த வழியில் செலுத்துவது என்பதைத் தனிமனிதரின் ஒழுங்கு சார்ந்த விடயமாகவே நாம் கருதுகிறோம். உண்மையில் இந்தத் தெரிவுகள் ஒவ்வொன்றும் அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வங்கிகள், நீதிமன்றங்கள், சட்டசபைகள் ஆகியவற்றுக்கிடையே நடந்த இழுபறியில் உருவானவை.

1950 இல் நியூயோர்க்கில் பிராங் மக்னமாராவும் ரால்ப் ஷ்னைடரும் தொடங்கிய டைனர்ஸ் கிளப் அட்டையில் தெரிவு என்று எதுவும் இருக்கவில்லை. தொடக்கத்தில் இருபத்தேழு உணவகங்களே அதனை ஏற்றன. உண்டதற்கான தொகை முழுவதையும் மாத முடிவில் செலுத்த வேண்டும். 1958 ஒக்டோபரில் வெளிவந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையும் அவ்வாறானதே. அது கடன் என்பதை விட, ஒரு மாத கால அவகாசம் என்றே கூறத்தக்கது.

அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் நடந்த ஒரு காரியம் இந்நிலையை மாற்றியது. பாங்க் ஒப் அமெரிக்கா அந்நகரில் சுமார் 60,000 பேருக்கு, அவர்கள் கேட்காமலேயே, பாங்க்அமெரிகார்ட் என்ற அட்டையை அஞ்சலில் அனுப்பி வைத்தது. பிற்காலத்தில் விசா என்ற பெயரைப் பெற்ற அட்டை இதுவே. இதில் முழுத்தொகையையும் கட்ட வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. ஒரு பகுதியைக் கட்டி மீதியை அடுத்த மாதத்துக்குக் கொண்டு செல்லலாம். மீதிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. நூற்றுக்கு நான்கு பேர் தவணை தவறுவார்கள் என்று வங்கி கணக்கிட்டிருந்தது. தவறியவர்களோ நூற்றுக்கு இருபத்திரண்டு பேர். திட்டத்தை வகுத்த ஜோசப் வில்லியம்ஸ் வங்கியை விட்டு விலகினார். ஆனால் திட்டம் கைவிடப்படவில்லை. சில ஆண்டுகளில் அது இலாபம் ஈட்டத் தொடங்கியது. கேட்காதவருக்கு அட்டை அனுப்புவதை அமெரிக்கக் காங்கிரஸ் 1970 இல் தடை செய்தபோது, அட்டைகள் ஏற்கனவே நாடெங்கும் பரவிவிட்டிருந்தன.

இக்காலத்தில் வங்கியின் கையைக் கட்டியிருந்தவை மாநிலங்களின் வட்டி உச்சவரம்புச் சட்டங்களே. 1978 இல் உச்ச நீதிமன்றம் மார்க்கெட் வழக்கில் அளித்த தீர்ப்பு அந்தக் கட்டை அவிழ்த்தது. ஒரு தேசிய வங்கி தான் அமைந்துள்ள மாநிலத்தின் வட்டி வீதத்தை வேறு மாநில வாடிக்கையாளரிடமும் அறவிடலாம் என்று அத்தீர்ப்புக் கூறியது. 1980 இல் தெற்கு டக்கோட்டா மாநிலம் உச்சவரம்பை நீக்கியது. மறு ஆண்டே சிட்டிபாங்க் தனது கடனட்டைப் பிரிவை நியூயோர்க்கிலிருந்து அம்மாநிலத்தின் சூ போல்ஸ் நகருக்கு மாற்றியது.

அதன் பின்னர் வங்கிகளுக்கு மிகவும் பிடித்த வாடிக்கையாளர் யார் என்ற கேள்விக்குப் புதியதொரு விடை கிடைத்தது. ஒவ்வொரு மாதமும் முழுத்தொகையையும் கட்டிவிடுபவர் அல்லர். அவரிடமிருந்து வட்டி வராது. அத்தகையோரைக் கடனட்டைத் துறையினர் ‘டெட்பீட்’ என்று தமக்குள் அழைத்தனர். கடனைக் கட்டாமல் ஏமாற்றுபவரைக் குறிக்கும் அந்த வசைச்சொல், ஒழுங்காகக் கட்டுபவருக்குச் சூட்டப்பட்ட விந்தையை இங்கு கவனிக்க வேண்டும். விரும்பப்பட்டவர், உரிய நாளில் சிறிதளவு மட்டும் கட்டிக்கொண்டு நீண்டகாலம் கடனில் இருப்பவரே.

இதற்கு வாய்ப்பான கருவி குறைந்தபட்சக் கொடுப்பனவு. முன்னர் நிலுவையில் 5 சதவீதமாக இருந்த இத்தொகை பல வங்கிகளில் 2 சதவீதம் வரை இறங்கியது. வாடிக்கையாளருக்கு இது சலுகையாகத் தெரிந்தது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 டொலர் நிலுவை, 18 சதவீத வட்டி. முதல் மாத வட்டி 15 டொலர். 5 சதவீதமான 50 டொலரைக் கட்டினால் முதலில் 35 டொலர் குறையும். 2 சதவீதமான 20 டொலரைக் கட்டினால் குறைவது 5 டொலர் மாத்திரமே. இதே விகிதத்தில் சென்றால், புதிதாக ஒரு சதம் தானும் செலவு செய்யாவிட்டாலும், கடன் பாதியாகக் குறைவதற்கே சுமார் 11 ஆண்டுகள் ஆகும். இத்தனைக்கும் அவர் ஒருநாள் கூடத் தவணை தவறாதவர்.

தவறுபவருக்கு வேறொரு வலை இருந்தது. 1996 இல் ஸ்மைலி எதிர் சிட்டிபாங்க் வழக்கில், தாமதக் கட்டணமும் வட்டியின் ஒரு கூறே என்ற விளக்கத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே அதற்கும் வாடிக்கையாளர் வாழும் மாநிலத்தின் வரம்பு பொருந்தாது போயிற்று. 1995 இல் சராசரியாக சுமார் 13 டொலராக இருந்த தாமதக் கட்டணம் 2005 இல் சுமார் 34 டொலராக உயர்ந்ததை அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2006 இல் பதிவு செய்தது. அன்று பலரும் காசோலையை உறையிலிட்டு அஞ்சலில் அனுப்பியே பணம் செலுத்தினர். பட்டியல் கைக்கு வந்து, காசோலை திரும்பிச் சென்று சேர்வதற்குள் கடைசித் திகதி நெருங்கிவிடும். சில வங்கிகள் அந்நாளின் முற்பகல் நேரத்தையே எல்லையாக வைத்திருந்தன. ஓர் அட்டையில் தாமதித்தவருக்கு மற்றோர் அட்டையின் வட்டியும் உயர்த்தப்பட்டது.

2009 மே 22 அன்று ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட கடனட்டைச் சட்டம் இந்த நிலைமைக்குக் கடிவாளம் இட்டது. பட்டியல் குறைந்தது 21 நாட்களுக்கு முன்னர் அனுப்பப்பட வேண்டும். முன்னைய அவகாசம் 14 நாட்களே. கடைசித் திகதி ஒவ்வொரு மாதமும் ஒரே நாளாக இருக்க வேண்டும். அன்று மாலை 5 மணி வரை வந்து சேரும் பணம் உரிய காலத்தில் வந்ததாகவே கொள்ளப்படும். வங்கி அஞ்சலை ஏற்காத விடுமுறை நாளில் அத்திகதி வந்தால் அடுத்த வேலை நாள் வரை அவகாசம் உண்டு. குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் கடன் எத்தனை ஆண்டுகளில் தீரும், 36 மாதங்களில் தீர்க்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பவையும் பட்டியலிலேயே அச்சிடப்பட வேண்டும். மேற்சொன்ன 1,000 டொலருக்கு அத்தொகை சுமார் 36 டொலர். இழுபறி அத்துடன் முடிந்துவிடவில்லை. பெரிய வங்கிகளின் தாமதக் கட்டணத்தை 8 டொலராகக் குறைக்க 2024 மார்ச்சில் கொண்டுவரப்பட்ட விதியை, 2025 ஏப்ரலில் டெக்சாஸ் சமஷ்டி நீதிமன்றம் ஒன்று இரத்துச் செய்தது.

இன்று காசோலையின் இடத்தைத் தானியங்கிக் கொடுப்பனவு பெருமளவில் பிடித்துவிட்டது. ஒருமுறை கட்டளையிட்டால் பணம் உரிய நாளில் கணக்கிலிருந்து தானாகவே சென்றுவிடும். மறதிக்கு இது நல்ல மருந்து. ஆனால் கட்டளையிடும்போது ஒரு கேள்வி எழும். முழுத்தொகையா, நாமே குறிக்கும் ஒரு தொகையா, குறைந்தபட்சமா? குறைந்தபட்சத்தைத் தெரிவு செய்தவரைத் தாமதக் கட்டணம் தீண்டாது. வட்டியோ அவரை விட்டு விலகாது.

பிரித்தானியாவின் நிதி நடத்தை அதிகாரசபை இதனைப் பரிசோதித்துப் பார்த்தது. சுமார் 40,000 புதிய அட்டைதாரர்களில் ஒரு பகுதியினருக்குத் தானியங்கிக் கட்டளைத் திரையில் குறைந்தபட்சம் என்ற தெரிவு வெளிப்படையாகக் காட்டப்படவில்லை. அதனைத் தெரிவு செய்வோர் வெகுவாகக் குறைந்தனர். ஆயினும் கடன் குறையவில்லை. சிலர் குறைந்தபட்சத்தைச் சற்றே தாண்டிய தொகையைக் குறித்தனர். சிலர் தானியங்கி முறையில் சேரவே இல்லை. பலரின் வங்கிக் கணக்கில் அதற்கு மேல் கட்டுவதற்குப் பணம் இருக்கவில்லை என்பதே ஆய்வாளர்கள் கண்ட காரணங்களில் முக்கியமானது.

இந்த வரலாறு கற்பிக்கும் பாடம் இதுதான். காலந்தவறாமல் கட்டுவது வேறு, கடனிலிருந்து விடுபடுவது வேறு. சட்டம் கடிகாரத்தைச் சரிசெய்தது. பணப்பையை அதனால் நிரப்ப முடியவில்லை. முழுத்தொகையையும் கட்ட இயன்றவர் அதையே தானியங்கிக் கட்டளையாக இடுவது நன்று. இயலாதவர் குறைந்தபட்சத்தைத் தாமதத்துக்கு எதிரான காப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, சம்பளம் வந்த கையோடு இயன்ற அளவு மேலதிகமாகக் கட்டுவதே வழி. கொப்பியில் கணக்கு வைத்திருந்த கடைக்காரர் கடன் தீருவதையே விரும்பினார். அட்டை தந்தவருக்கு அப்படியொரு அவசரம் இல்லை. கடைசித் திகதியைக் குறித்து வைக்கும்போது இதையும் சேர்த்து நினைவில் கொள்வோமாக.